அவளுக்கு என்ன பிடிக்கும்

எட்டாம் நாள் படைத்த வாழையிலையை மான்கள் தின்னவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் திருகோணமலையின் அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு வரும் ஐந்தாறு புள்ளிமான்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. கடதாசி, காய்ந்த மாலை, மரக்கறித் தோல், மீன் சுற்றிவந்த பை என்று கிடைத்ததையெல்லாம் மென்றுவிட்டு, கேற்றுக்குள் தலையை நுழைத்து இன்னும் கேட்கும். அன்று அவை இலையருகே வந்து மூக்கை நீட்டின. நண்டுக் குழம்பின் காரமும் இரவெல்லாம் ஊறிய சோற்றின் புளிப்பும் நனைந்த மண்ணின் வாசத்தோடு கலந்து, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கமலாதேவிவரை வந்தன. மான்கள் காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கி, மதிலோரம் போய் நின்றன. அதற்குப் பிறகு அவை இலையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன.

உள்ளே வந்தபோது முன்னறையில், அவளுடைய கதிரைக்குப் பக்கத்து முக்காலியில், தேத்தண்ணீர் இருந்தது. ஆவி பறந்தது. கோப்பையின் பிடி வலது பக்கம் திரும்பியிருந்தது. இருபது வருடங்களாக அந்தக் கோப்பை அந்த இடத்தில் அந்தப் பக்கம் திரும்பித்தான் இருந்திருக்கிறது. அதை வைத்தவள் செத்து இன்று ஒன்பதாம் நாள்.

"நிரோஜினி, தேத்தண்ணி நீயே போட்டனீ?"

மகள் அறைக்குள்ளிருந்து நித்திரைக் குரலில் கத்தினாள். "நான் இன்னும் எழும்பவே இல்லை. நீங்கள்தானே விடியக் காலமை குசினிக்குள்ள கடமுடா எண்டு நிண்டனீங்கள். பக்கத்து வீட்டுச் சேவலே உங்களுக்குப் பிறகுதான் கூவினது."

கமலாதேவி தன் கைகளைப் பார்த்தாள். நக இடுக்குகளில் கரி. வீட்டில் காஸ் அடுப்பு இருந்தது. பின்பக்கத்து விறகடுப்பைச் செத்தவள் மட்டும்தான் மூட்டுவாள்.

அவள் கடல் பொங்கிய அடுத்த மாதம் வந்தவள். குச்சவெளிக்கு அப்பால் ஒரு மீனவக் குடியிருப்பு. புருஷனையும் வீட்டையும் கடல் கொண்டுபோக, ஆறு வயது மகனையும் நாலு வயது மகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தாள். நிவாரணச் சாமான் கொடுக்கப் போன கமலாதேவியின் புருஷன் யோகலிங்கம் மூன்று பேரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "உனக்கொரு உதவியாச்சு" என்று கமலாதேவியிடம் விட்டார். நிரோஜினிக்கு அப்போது ஏழு வயது. பெயர் கேட்டபோது தங்கரத்தினம் என்றாள். அது யோகலிங்கத்தின் தாயின் பெயர். மாமியின் பெயரைச் சொல்லி ஒரு வேலைக்காரியை எப்படி ஏசுவது? அன்று பின்னேரமே அவளைக் கனகம்மா ஆக்கிவிட்டார்கள்.

பெயரை வாங்கிய கையோடு அடையாள அட்டையையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்கள், பத்திரத்துக்கு. மூன்றாம் மாதம் பிள்ளைகள் இரண்டையும் கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு எடுபிடிக்கு அனுப்பினார்கள். காலைச் சுற்றும் பிள்ளைகளோடு வேலை ஓடாது என்பது கமலாதேவியின் யோசனைதான். சம்பளம் என்ற பேச்சு வரவில்லை. சாப்பாடும் உடுப்பும் கொடுக்கிறோமே என்று அவள் நினைத்தாள்.

தாய் மூன்றுமுறை பிள்ளைகளைத் தேடி வெளிக்கிட்டாள். முதல்முறை அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியவில்லை. தெரிந்த ஓட்டோக்காரன் ஒருவன் கொண்டுவந்து இறக்கினான். இரண்டாம்முறை பின்மதிலால் குதித்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டு, அன்றிலிருந்து நொண்டினாள். மூன்றாம்முறை ஓடவில்லை. முன்னறைக்கு வந்து, கமலாதேவியின் கதிரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "என்ர கார்ட்டைத் தாங்கோ. நான் என்ர பிள்ளையளத் தேடிப் போகப்போறன்" என்றாள். ஓடியதைவிட அந்த நிமிர்வுதான் கமலாதேவிக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து இருட்டியதும் அவளைச் சாமான் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே, பிள்ளைகள் போன இரண்டாம் மாதமே, கொழும்பிலிருந்து அழைப்பு வந்திருந்தது. இரண்டும் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டன. திருகோணமலை ரயில் எந்த மேடையில் நிற்கும் என்று பையன் தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டதை நிலையத்தில் கண்டவர்கள் இருந்தார்கள். பிறகு கண்டவர்கள் இல்லை. யோகலிங்கம் தொலைபேசியில் கத்தினார். பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, சாகும்வரை பேசவில்லை.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கமலாதேவி தன்னையே கேட்டதுண்டு. பாவம், தாங்கமாட்டாள் என்றுதான் முதலில் பதில் வரும். அந்தப் பதிலைக் கொஞ்சம் கிண்டினால் அடியில் வேறொன்று கிடக்கும்: இழக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அவள் பயப்படமாட்டாள், பயப்படாதவளை வைத்து வேலை வாங்க ஏலாது. கமலாதேவி அந்த அடிவரை கிண்டுவதில்லை. "அடுத்த சித்திரைக்குப் பிள்ளையளக் கூப்பிடுவம்" என்று ஒவ்வொரு சித்திரைக்கும் சொன்னாள்.

கடைசியாகக் காய்ச்சல். ஐந்து நாள் பனடோல் கொடுத்தாள். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால் ஆர் இவ, எத்தனை வருஷம், சொந்தக்காரர் எங்கே என்று கேட்பார்கள். ஆறாம் நாள் காலை தாழ்ப்பாளைத் திறந்தபோது அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

எட்டுச் செலவு செய்ய வேண்டுமென்று நின்றது நிரோஜினிதான். "என்னை வளர்த்தவ அம்மா. வேற ஆர் இருக்கினம் அவவுக்கு?" செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, பக்கத்தில் ஒரு புடவை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும்.

"அவவுக்கு என்ன பிடிக்கும்?" என்று நிரோஜினி கேட்டாள்.

இருபது வருடத்தில் அவள் சாப்பிட்டதை இருவரும் பார்த்ததில்லை. மிஞ்சியதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். கழுவிய கோப்பையோடு திரும்பி வருவாள். அவ்வளவுதான்.

ஆகவே கமலாதேவி தனக்குப் பிடித்ததைச் சமைத்தாள். முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, சர்க்கரை கூடின பாயாசம். கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, தான் இரண்டுமுறை மட்டும் உடுத்த கிளிப்பச்சைப் புடவையை மடித்து வைத்தாள். "கனகம்மா, வா. வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

உள்ளே நண்டு ஓடு உடைந்தது.

"பூனை" என்றாள் நிரோஜினி. கதவைத் திறந்தபோது பூனை இல்லை. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. இருவரும் சட்டியில் மிச்சமிருந்ததைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நிரோஜினி விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். கமலாதேவி ஒரு வாய் வைத்தாள். காரமில்லை, புளிப்பில்லை, உப்பில்லை. நனைந்த பஞ்சைக் கடிப்பதுபோல இருந்தது. பாயாசத்தை எடுத்தாள். அதுவும் பஞ்சு.

நாக்கு திரும்பி வரவில்லை. பன்னிரண்டாம் நாள், வழித்துக் கொட்டுவதற்காக வைத்திருந்த பழஞ்சோற்றை என்ன நினைத்தோ விரலால் தொட்டு வாயில் வைத்தாள். உப்பு தெரிந்தது. பச்சைமிளகாய் தெரிந்தது. குசினி மூலையில் குந்தியிருந்து, சுவரைப் பார்த்தபடி, சட்டி முழுவதையும் தின்று முடித்த பிறகுதான் தான் குந்தியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பதினைந்து வருடமாக முழங்கால் வருத்தத்தால் நிலத்தில் உட்காராதவள். இப்போது முழங்கால் நோகவில்லை. இடது கணுக்கால்தான் நொந்தது. முன்பு ஒருபோதும் நோகாத இடம்.

பதினைந்தாம் நாள் பின்னேரம் பின்மதிலுக்கு அப்பால் யாரோ பாய் உதறும் சத்தம் கேட்டது. மழை விட்டிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து எண்ணெயும் பாசியும் கலந்த வாடை கனத்துப்போய் வந்து தென்னைகளுக்கடியில் தங்கியிருந்தது. கமலாதேவி திருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யார் துருவச் சொன்னார்கள் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

"தங்கரத்தினம்!"

கமலாதேவி திரும்பினாள். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஸாலிஹாவின் முகம்.

"யா அல்லாஹ். நீங்களா? முதுகப் பாத்து அவதான் எண்டு நெனச்சிட்டேன்."

"அவ செத்து இரண்டு கிழமை ஸாலிஹா."

"தெரியும். கழுவி உடுத்திவிட ஆளில்லாமக் கிடந்த மையத்துக்கு மதிலால தண்ணி எடுத்துத் தந்தவள் நான்தானே." ஸாலிஹா பாயை மதிலில் போட்டாள். போகவில்லை. "எப்பிடி, கையெல்லாம் காச்சுப் போயிருக்கு? வீட்டுக்காரம்மாவும் தேங்கா துருவிப் பழகிறீங்க போல. இருவது வருஷம் சும்மா இருந்த கை."

"என்ன கதை இது?"

"கதையா? கதை ஒண்டு இரிக்கு, கேளுங்க. உங்கட மனுசன் அண்டைக்குப் போன்ல கத்தினது எனக்கும் கேட்டது. புள்ளையள் ரெண்டும் காணாமப் போன கதை. நான் வாயத் தொறக்கல்ல. பக்கத்து வீடு, கொள்ளுப்பாடு குடுப்பாடு வேணும் எண்டு இருந்திட்டேன். அந்தப் பாவம் என்ட தலையிலயும் இரிக்கு. அவ காய்ச்சலோட கிடக்கக்குள்ள சன்னலுக்கால கஞ்சி குடுத்தேன். அப்ப சொல்லிட்டேன்."

கமலாதேவியின் கையிலிருந்த தேங்காய்ப் பாதி உருண்டது. "என்ன சொன்னவ?"

"அழல்ல. 'அப்ப நான் இனி இங்க நிக்கத் தேவையில்ல, என்ன?' எண்டு கேட்டா." ஸாலிஹா குரலைத் தாழ்த்தினாள். "பொறகு சொன்னா, 'அவவுக்கும் ஒரு புள்ள இரிக்கு' எண்டு. நல்லாச் சிரிச்ச முகத்தோடதான் சொன்னா. எனக்கு மேல் கூசிப் போச்சு. உங்கட மகள எங்கயாவது அனுப்பி வைங்க. என்னெண்டு கேக்காதீங்க, எனக்குத் தெரியா."

அன்று பின்னேரம் நிரோஜினி வேலையால் வரும்வரை கமலாதேவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே பிள்ளை. யோகலிங்கம் போன பிறகு, வெளிநாட்டுச் சம்பந்தங்கள் வந்தபோதெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தள்ளி, பக்கத்திலேயே வைத்திருந்த பிள்ளை. மட்டக்களப்பில் தங்கச்சி வீடு இருக்கிறது. நாளைக்கே பஸ் ஏற்றிவிட வேண்டும். என்ன சொல்லி ஏற்றுவது என்று வசனங்களை மனதில் அடுக்கினாள்.

கேற் திறந்தது. செருப்புச் சத்தம் முன்னறைவரை வந்தது.

"அம்மா! இண்டைக்கு என்ன, நல்ல வடிவா வெளிக்கிட்டு இருக்கிறீங்கள்?"

கமலாதேவி வாயைத் திறந்தாள். அவள் நின்றது குசினியில். மகளின் குரல் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

முன்னறையில் நிரோஜினி சிரித்தாள். கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு தான் வேலை செய்யும் கந்தோரின் புதினங்களைச் சொன்னாள். நடுவில் நிறுத்தி, கேட்டு, மறுபடியும் சிரித்தாள். கதிரையின் முதுகுப் பக்கம்தான் குசினிக்குத் தெரிந்தது. பிரம்புப் பின்னலின் ஓட்டைகளுக்கூடாகக் கிளிப்பச்சை.

கமலாதேவி குசினி நிலைப்படிவரை போனாள். கால் எழும்பவில்லை. நிலைப்படி இரண்டு அங்குல உயரம்தான். இருபது வருடம் ஒருத்தி கூப்பிடாமல் தாண்டத் துணியாத இரண்டு அங்குலம். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு உந்திப் பார்த்தாள். வியர்த்தது. இடது கணுக்கால் தீயாய் எரிந்தது.

"கனகம், தேத்தண்ணி" என்றது முன்னறை.

அது அவளுடைய குரல். கமலாதேவியின் குரல். கொஞ்சம் இழுத்து, கடைசியில் அமத்தி. அப்படித்தான் தான் கூப்பிடுவாளா? இவ்வளவு கேவலமாகவா?

இப்போது கால் எழும்பியது.

அதற்குப் பிறகு நாட்கள் தனித்தனியாக இல்லை. விடியுமுன் எழும்புதல், அடுப்பு, சாம்பல், துருவல், கழுவல். இருட்டினால் சாமான் அறை. தாழ்ப்பாள் விழும் சத்தம். அரிசிச் சாக்கின் வாசம். உழுந்துச் சாக்கின் வாசம். சுவரில், படுத்தால் முகத்துக்கு நேரே, நகத்தால் கீறிய இரண்டு உருவங்கள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது, கைகோத்தபடி. இந்த அறைக்குள் எத்தனை தடவை வந்திருக்கிறாள். ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

அவள் சொல்ல முயன்றாள். நிரோஜினி தண்ணீர் குடிக்க வந்தபோது கையைப் பிடித்தாள். "பிள்ளை, போயிடு. மட்டக்களப்புக்குப் போ. இண்டைக்கே போ."

நிரோஜினி அவளை அன்பாகப் பார்த்தாள். அந்த அன்பு கமலாதேவிக்கு நன்றாகத் தெரியும். மகள் இருபது வருடம் இன்னொருத்திக்குக் கொடுத்த அன்பு. இரக்கம் நிறைந்தது, எதையும் திறந்துவிடாதது. "ஓம் கனகம். பிறகு கதைப்பம், என்ன?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

இந்தப் பிள்ளைக்கும் தாழ்ப்பாள் தெரிந்துதானே இருந்தது என்று அன்றுதான் கமலாதேவிக்குத் தோன்றியது. அது தெரிந்தே தினமும் நித்திரை கொள்ளும் பிள்ளையாக அவளை வளர்த்தது ஆர் என்பதும்.

முப்பத்தோராம் நாள். மத்தியானம்.

மழை இல்லை. காற்று இல்லை. வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. காகங்கள் வாயடைத்திருந்தன.

கேற்றில் தட்டினார்கள். கீழே, மிகத் தாழ்வாக. பெரியவர்கள் தட்டுகிற உயரத்தில் இல்லை.

வேலையால் அப்போதுதான் வந்திருந்த நிரோஜினி கைப்பையோடு போனாள். குசினிக் கதவிலிருந்து முன்வாசல்வரை நேரே தெரியும். கேற்றின் கம்பிகளுக்கு வெளியே ஒரு பையன். அவன் கையில் ஒரு சின்னப் பெண். ஆறு வயது. நாலு வயது. ரயில் கரி படிந்த முகங்கள்.

"ஆரைத் தேடி வந்தனீங்கள்?"

"எங்கட அம்மாவ" என்றான் பையன். "பேர் தங்கரத்தினம். ரயில் பிந்திப் போச்சு."

"ஓம். உள்ளுக்கை இருக்கிறா. வாங்கோ."

நிரோஜினி கேற்றைத் திறந்துவிட்டாள். ஒரு தயக்கமும் இல்லை. கதிரை கிரீச்சிட்டது. கிளிப்பச்சை எழுந்து நின்றது. நொண்டவில்லை. நேராக, நிமிர்ந்து, அலுமாரிக்குப் போய், திறந்து, ஒரு அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. இரண்டு பிள்ளைகளும் ஓடிவந்து அந்தப் புடவைக்குள் முகத்தைப் புதைத்தன. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கமலாதேவியின் குரலில் இல்லை. அவள் அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான்கு பேருமாக வாசலுக்குப் போனார்கள். நான்கு பேர். கமலாதேவி எண்ணினாள்.

"நிரோஜினி!"

குரல் வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். "அது நானில்லை! நான்தான் உன்ர அம்மா! அவையோட போகாத!"

நிரோஜினி நின்றாள். திரும்பினாள். குசினிவரை நடந்து வந்தாள். குளிர்ந்த கையைக் கமலாதேவியின் நெற்றியில் வைத்தாள்.

"காய்ச்சல் இன்னும் விடேல்லை கனகம். போய்ப் படு" என்றாள். மெதுவாகச் சாமான் அறைக்குள் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சின்ன சன்னல். கம்பி. சாக்கின் மேல் ஏறினால் ஒழுங்கை தெரியும். கமலாதேவி ஏறினாள்.

ஒழுங்கை துறைமுகத்தை நோக்கி இறங்கியது. அடியில் தண்ணீர் தகரம்போல் மின்னியது. கிளிப்பச்சைப் புடவை முன்னால் நடந்தது, வலக்கையில் பையன், இடக்கையில் சின்னப் பெண். பின்னால் நிரோஜினி, கந்தோர்ச் சேலையில், கைப்பையோடு. அவள் எட்டி நடந்து அவர்களைப் பிடித்தாள். சின்னப் பெண் மற்றக் கையை அவளிடம் நீட்டினாள்.

நிரோஜினி அந்தக் கையைப் பிடித்தாள்.

பிடித்த பிறகு அவளுடைய தோள் சற்றுக் கீழே இருந்தது. மின்கம்பத்தைத் தாண்டியபோது இன்னும் கீழே. கைப்பை தெருவில் விழுந்தது, அவள் எடுக்கவில்லை. சேலை முழங்காலுக்கு மேல் ஏறி ஒரு சட்டையாகத் தொங்கியது. கூந்தல் இரண்டாகப் பிரிந்தது. கமலாதேவி கம்பிக்குள் முகத்தை அழுத்தினாள். இரும்பு கன்னத்தில் பதிந்தது. இரட்டைப் பின்னல். இந்தக் கைகளால் பின்னிய பின்னல்.

வளைவில் தங்கரத்தினம் நின்று திரும்பிப் பார்த்தாள். சன்னலை நேராகப் பார்த்தாள். அவளுடைய சொந்த முகம். அவசரமே இல்லாத முகம். பார்த்து முடித்துவிட்டுத் தண்ணீரை நோக்கி இறங்கினாள்.

அவளுடைய புடவையைப் பிடித்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் இறங்கின. கடைசியாக இறங்கிய, ஏழு வயதிருக்கும் பிள்ளை ஒரு காலில் துள்ளித் துள்ளித் தன் செருப்புகளைக் கழற்றி, நனையாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டது.